இடைச்சுவர் எடுத்த வீடு: டென்மார்க் திரைக்கலைஞர்களின் தொழில்வாழ்க்கை

உலகத் திரைப்பட வரலாற்றைச் சொல்லும் எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் டென்மார்க் இயக்குநர் கார்ல் டிரேயரின் பெயர் வரும். ஆனால் அவர் கையில் வேலை எவ்வளவு இருந்தது என்று பார்த்தால் வருத்தமாக இருக்கும். 1932 தொடங்கி 1964 வரையிலான முப்பத்திரண்டு ஆண்டுகளில் அவர் எடுத்த முழுநீளப் பேசும்படங்கள் ஐந்துதான். முப்பதுகளின் பிற்பகுதியில் கோபன்ஹேகன் நாளிதழ் ஒன்றுக்காக நீதிமன்றத்தில் உட்கார்ந்து வழக்குச் செய்தி எழுதினார். 1952இல் டென்மார்க் அரசு அவருக்கு ‘டாக்மார்’ என்ற திரையரங்கை நடத்தும் உரிமத்தைக் கொடுத்தது. அந்நாட்டில் அப்போது அரசு உரிமம் இல்லாமல் திரையரங்கு நடத்த முடியாது என்பதால், மதிப்புக்குரிய கலைஞர்களுக்கு அதை ஓய்வூதியம் போல வழங்கும் வழக்கம் இருந்தது. ஆக, நாட்டின் தலைசிறந்த இயக்குநர் பிறர் எடுத்த படங்களுக்கு டிக்கெட் விற்று, அந்த வருமானத்தில் தம் வாழ்வை ஓட்டினார்.

அதே நாட்டில் இன்று நிலைமை வேறு. பிரான்சின் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கிய மாட்ஸ் மிக்கெல்சன், ஐரோப்பா முழுவதும் முகம் தெரிந்த சோஃபி கிரோபெல், ஆஸ்கரும், அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மியும் பெற்ற இயக்குநர் சூசன்னா பியர், ஆஸ்கர் வென்ற படத்தைத் தந்த தாமஸ் விண்டர்பெர்க் என்று பட்டியல் நீளுகிறது. சுமார் 60 லட்சம் பேர் மட்டுமே வாழும் நாடு அது. அவர்கள் பேசும் மொழிக்கு நாட்டுக்கு வெளியே சந்தையும் கிடையாது. திடீரென்று ஒரு தலைமுறையில் மேதைகள் கூட்டமாகப் பிறந்துவிட்டார்கள் என்பது விளக்கமாகாது. மேதைகள் டிரேயர் காலத்திலும் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே செய்வதற்கு வேலை இல்லை. பிற்காலத்தவர்களுக்கு அந்த இடைவெளியை நிரப்பியது தொலைக்காட்சி. அதிலும் முக்கியம், தொலைக்காட்சிக்குப் போவது இறங்கிப்போவது என்ற எண்ணம் அங்கே வேர்விடாமல் பார்த்துக்கொண்டதுதான். ‘சின்னத்திரை’ என்று நாம் சொல்லும்போது அந்தச் சொல்லிலேயே ஒரு குறைத்துமதிப்பிடல் ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லவா, அதைத்தான் சொல்கிறேன்.

சிறிய மொழியில் நடிகராக இருப்பதன் கணக்கு எளிமையானது. படங்கள் குறைவு, ஆகவே படத்தை மட்டும் நம்பி வாழ முடியாது. டென்மார்க் நடிகர் நாடகமேடையில் ஊதியம் பெறுவார், தொலைக்காட்சித் தொடரில் தோன்றுவார், நடுவே ஒரு படத்தில் நடிப்பார். 1978இல் அரசுத் தொலைக்காட்சியான டிஆர் ஒளிபரப்பத் தொடங்கிய ‘மத்தடோர்’ என்ற 24 பகுதித் தொடர் இதற்கு நல்ல சான்று. 1929 முதல் 1947 வரை ஒரு சிற்றூரில் நடக்கும் கடைக்காரர்களின் கதை அது; இயக்கியவர் எரிக் பாலிங், திரையரங்குகளில் கூட்டம் சேர்த்த நகைச்சுவைப் படங்களின் இயக்குநர். அதில் முக்கிய வேடம் ஏற்ற கீத்தா நோர்பி அப்போதே முன்னணித் திரைநட்சத்திரம். தொடரில் ஆக்னஸ் என்ற வேலைக்காரப் பெண்ணாக வந்த கிர்ஸ்டன் ஓலசன், பத்தாண்டு கழித்து 1988இல் இயக்குநர் லார்ஸ் வான் ட்ரியர் தொலைக்காட்சிக்காக எடுத்த ‘மெடியா’வில் கதைநாயகியானார். அந்தப் படத்தின் மூலக் கதைவசனம் டிரேயர் எழுதி, படமாக்க முடியாமலே விட்டுப்போனது. சினிமா தராத வாய்ப்பை, அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தொலைக்காட்சி தந்தது.

இந்தத் தொடர்ச்சியை இன்னொரு படத்திலும் காணலாம். 1987இல் வெளிவந்து அடுத்த ஆண்டு ஆஸ்கர் பெற்ற ‘பாபெட்டின் விருந்து’ படத்தை இயக்கிய காப்ரியேல் ஆக்ஸெலுக்கு அப்போது வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது; அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர் பெரும்பாலும் பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்குத்தான் வேலை செய்துகொண்டிருந்தார். விருந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் முதிய முகங்களில் பிர்கிட் ஃபெடர்ஸ்பீலும் லிஸ்பெட் மோவினும் டிரேயரின் பழைய படங்களில் இளம்பெண்களாக நடித்தவர்கள். அந்தக் கதையைச் சொல்லும் குரலோ கீத்தா நோர்பியுடையது.

கோபன்ஹேகனில் 1966இல் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்படப் பள்ளியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒரு துறைக்கு ஆறு பேர் என்ற அளவில்தான் அங்கே சேர்க்கை. ட்ரியர், பியர், விண்டர்பெர்க் மூவரும் அங்கே படித்தவர்கள். திரைக்கதைத் துறையைப் பல ஆண்டுகள் நடத்திய மொகன்ஸ் ரூக்கோவ், கதையை ஒரு வழக்கமான சடங்கின் மீது கட்டுங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லிவந்தவர். பிறந்தநாள் விருந்து, கல்யாணம், சாவு வீடு போன்றவற்றில் அடுத்து என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஒழுங்கு எங்கே உடைகிறதோ அங்கே கதை பிறக்கிறது என்பது அவர் பாடம். இயக்குநரும் எழுத்தாளரும் ஒளிப்பதிவாளரும் தயாரிப்பாளரும் ஒரே கூரையின் கீழ்ப் படித்து, ஒருவர் பயிற்சிப்படத்தில் இன்னொருவர் வேலை செய்து வெளியே வருகிறார்கள். பின்னாளில் அவர்களில் சிலர் தொலைக்காட்சி நிலையத்திலும் சிலர் படநிறுவனங்களிலும் அமர்ந்தாலும், தொலைபேசியை எடுத்தால் மறுமுனையில் இருப்பவர் பழைய வகுப்புத் தோழர்தான்.

உண்மையான திருப்பம் 1994இல் நிகழ்ந்தது. அதுவரை ட்ரியர் ஒவ்வொரு காட்சியையும் முன்கூட்டியே படம் வரைந்து, ஒளியையும் கேமரா நகர்வையும் அங்குலம் அங்குலமாகத் திட்டமிட்டு எடுத்தவர். பார்ப்பதற்கு அவை பிரமிப்பாக இருந்தன. ஆனால் அவற்றில் நடிகர்கள் சதுரங்கக் காய்கள் போலத் தெரிந்தார்கள் என்பது என் கருத்து. டிஆருக்காக அவர் மோர்டன் ஆர்ன்ஃபிரெட் என்பவரோடு சேர்ந்து எடுத்த ‘ரீகெட்’ தொடர் கோபன்ஹேகனின் பெரிய அரசு மருத்துவமனையில் நடக்கும் பேய்க்கதை. அந்த மருத்துவமனையை ஊர்மக்கள் அழைக்கும் செல்லப்பெயரே தொடருக்கும் பெயர், அதற்கு ‘இராச்சியம்’ என்று பொருள். தொலைக்காட்சியின் பணமும் நாட்களும் அவருடைய பழைய முறைக்குப் போதாது. எனவே கேமராவைத் தோளில் வைத்து, நடிகர்களை விருப்பம்போல் நடமாடவிட்டு, ஒரே காட்சியைப் பலமுறை வெவ்வேறு மனநிலையில் எடுத்து, துண்டுகள் ஒட்டுகின்றனவா என்று கவலைப்படாமல் வெட்டி ஒட்டினார். அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஒரு போலீஸ் தொடர் அப்போது இப்படித்தான் எடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அதன் பாதிப்பும் இதில் உண்டு.

மருத்துவமனைக் கூரைமீது ஏறி, கடல் தாண்டித் தெரியும் தம் தாய்நாட்டைப் பார்த்தபடி டென்மார்க்காரர்களைத் திட்டித்தீர்க்கும் சுவீடன் மருத்துவராக ஏர்ன்ஸ்ட்-ஹூகோ யேரகோர் செய்த அட்டகாசம், முன்பிருந்த ட்ரியர் படங்களில் சாத்தியமே இல்லை. நடிகர் ஒருவர் காட்சியைத் தம் கையில் எடுத்துக்கொள்ள இயக்குநர் விட்டுக்கொடுத்த முதல் சந்தர்ப்பம் அது. தொடர் வெளிநாடுகளில் திரையரங்குகளிலும் ஓடியது. அங்கே கற்ற கைவேகத்தோடுதான் 1996இல் கானில் பெருமதிப்பு விருது பெற்ற அடுத்த படத்துக்கு அவர் போனார். சினிமாவில் கற்றுத் தொலைக்காட்சிக்கு வந்தவர்களைத்தான் எங்கும் பார்க்கிறோம். இங்கே தொலைக்காட்சியில் கற்றதைச் சினிமாவுக்குக் கொண்டுபோனார் ஒருவர்.

1995 மார்ச்சில் பாரிஸில் சினிமாவின் நூற்றாண்டை ஒட்டிய கருத்தரங்கு ஒன்றில் ட்ரியர் சிவப்புத் துண்டறிக்கைகளை அவையோர் நடுவே வீசியதும், அதில் இருந்த பத்து விதிகள் ‘டோக்மே 95’ என்று பெயர் பெற்றதும் பலருக்கும் தெரிந்த கதை. இயற்கையான இடத்தில்தான் படமாக்க வேண்டும், வெளியிலிருந்து பொருள் எதுவும் கொண்டுவரக் கூடாது, கேமரா கையில் இருக்க வேண்டும், ஒலியைத் தனியே சேர்க்கக் கூடாது, இயக்குநர் தம் பெயரைப் போடக் கூடாது என்பவை அவற்றுள் சில. இவற்றை விளம்பரத் தந்திரம் என்று ஒதுக்குவோர் உண்டு. விளம்பரமும் அதில் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தொழில்வாழ்க்கை என்ற கோணத்தில் பார்த்தால் அந்த விதிகள் யாருக்குப் பயன்பட்டன என்பது தெளிவு. விளக்குக் கட்டும் நேரமும் அரங்கம் அமைக்கும் நேரமும் போய்விட்டால், மிச்சமாகும் நாள் முழுவதும் நடிகருக்கே.

விண்டர்பெர்க் 1998இல் அந்த விதிகளின்படி எடுத்த ‘ஃபெஸ்டென்’, ரூக்கோவின் பாடத்தை அப்படியே படமாக்கியது போன்றது. ரூக்கோவே அதன் இணை எழுத்தாளரும்கூட. குடும்பத் தலைவரின் அறுபதாம் பிறந்தநாள் விருந்தில் மூத்த மகன் எழுந்து, கிண்ணத்தில் கரண்டியால் தட்டி, அமைதியான குரலில் தந்தையின் குற்றத்தைச் சொல்கிறான். விருந்தினர்கள் ஒரு கணம் உறைந்துபோய், பிறகு சாப்பாட்டைத் தொடர்கிறார்கள். கையடக்க வீடியோ கேமராவில் எடுத்த அந்தப் படத்தில், ஒரு காட்சிக்காகச் சன்னல் ஒன்றைத் துணியால் மூடியதைப் பாவமன்னிப்புக் கேட்பதுபோல் விண்டர்பெர்க் பின்னர் ஒப்புக்கொண்டார். உல்ரிக் தாம்சன், டிரீனே டிரிஹோல்ம், பாப்ரிகா ஸ்டீன், தாமஸ் பூ லார்சன் ஆகியோரை உலகம் முதலில் பார்த்தது அந்த மேசையைச் சுற்றித்தான். சமையலறையில் நின்றுகொண்டு, விருந்தினர் யாரும் ஓடிவிடாதபடி கார்ச் சாவிகளை ஒளித்துவைக்கச் செய்யும் சமையல்காரரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நடிகரின் பெயர் பியார்ன ஹென்ரிக்சன்.

இதற்கிடையில் டிஆரின் நாடகப் பிரிவு தன் பழைய போக்கை மாற்றிக்கொண்டிருந்தது. பொறுப்பில் இருந்த ரும்ல ஹம்மரிக்கும் அவருக்குப் பின் வந்த இங்கொல்ஃப் காபோல்டும் அமெரிக்கத் தொடர்கள் எழுதப்படும் முறையைக் கற்று, அதைத் தம் நாட்டுக்கு ஏற்பத் திருத்தி, தங்களுக்கென்றே சில விதிகளை வகுத்தார்கள். தொடரின் பார்வை எழுத்தாளருடையது, மற்ற எல்லோரும் அதற்கு உழைப்பவர்கள் என்பது முதல் விதி. கதை வெறும் துப்பறியும் கதையாக நின்றுவிடாமல் அதன் அடியில் சமூகத்தைப் பற்றிய ஒரு கேள்வியும் இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் நம் பொருளுக்கு நேரடியானது: நிலையத்தின் நிரந்தர ஊழியர்களை மட்டும் வைத்து எடுக்காமல், சினிமாக்காரர்களை அழைத்துவந்து வேலை வாங்க வேண்டும். சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே இருந்த இடைச்சுவர் தானாக இடிந்து விழுந்துவிடவில்லை. திட்டமிட்டு எடுத்தார்கள்.

மாட்ஸ் மிக்கெல்சனின் பாதை இந்த ஏற்பாட்டுக்குள் வைத்துப் பார்த்தால்தான் புரியும். உடற்பயிற்சி விளையாட்டு வீரராகத் தொடங்கி, ஏறக்குறைய பத்தாண்டு நடனக் கலைஞராக இருந்து, ஆர்ஹூஸ் நகர நாடகப் பள்ளியில் படித்து வெளிவந்தபோது அவருக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. 1996இல் நிக்கோலாஸ் விண்டிங் ரெஃப்னின் முதல் படமான ‘புஷர்’ அவருக்கும் முதல் படம். அதில் அவர் மொட்டைத் தலையும் பச்சைகுத்தலுமாக வரும் சில்லறைப் போக்கிரி. ஆனால் டென்மார்க்கின் வீடுகளுக்குள் அவரைக் கொண்டுபோனது 2000இல் தொடங்கிய ‘ரைசஹோல்டட்’ என்ற போலீஸ் தொடர்தான். அத்தொடர் 2002இல் சர்வதேச எம்மி விருதைப் பெற்றது. அது ஓடிக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே அவர் சூசன்னா பியரின் படத்திலும் நடித்தார். 2006இல் ஜேம்ஸ் பாண்டின் வில்லனாக உலகம் அவரைக் கண்டுகொண்டபோது, சொந்த நாட்டில் அவர் ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்குப் பழகிப்போன முகம்.

அதே ஞாயிறு எட்டு மணிக்குத்தான் 2007 சனவரியில் ‘ஃபோர்பிரைடல்சன்’ தொடங்கியது. ஒரு கொலை, இருபது நாள் விசாரணை, இருபது பகுதிகள். எழுத்தாளர் சோரன் ஸ்வைஸ்ட்ரூப் கொலையாளி யார் என்பதை நடிகர்களுக்கே சொல்லவில்லை. கதைவசனம் பகுதி பகுதியாகத்தான் வந்தது. சந்தேக வளையத்துக்குள் வரும் ஒவ்வொரு நடிகரும் தான்தான் குற்றவாளியோ என்ற ஐயத்தோடே நடித்ததால், ஒவ்வொரு முகத்திலும் ஏதோ மறைக்கிறார்கள் என்ற சாயல் தங்கிவிட்டது.

துப்பறிவாளர் சாரா லுண்டாக நடித்த சோஃபி கிரோபெல் நடிப்புப் பள்ளி எதிலும் படித்தவரல்லர். ஓவியர் கோகனைப் பற்றிய 1986ஆம் ஆண்டுப் படத்தில் பதின்வயதுப் பெண்ணாக அறிமுகமாகி, அடுத்து பில்லே ஆகஸ்டின் படத்தில் நடித்து, அது கானில் தங்கப்பனை என்ற முதன்மை விருதை வாங்கியதையும் பார்த்தவர். பின்னர் வந்த ஆண்டுகளில் காதல், கண்ணீர், குடும்பச் சிக்கல் என்று உணர்ச்சியைக் கொட்டும் வேடங்களே அவருக்கு அமைந்தன. அந்தச் சலிப்பில், பேசத் தெரியாத, தனிமையான ஒரு பெண்ணாக நடிக்க விரும்புவதாக எழுத்தாளரிடம் அவர் கேட்டார். ஆனால் அப்படி ஒரு பாத்திரம் கிடைத்ததும், உணர்ச்சியை வெளிக்காட்டாமல் எப்படி நிற்பது என்று திணறிப்போய், ஓர் ஆண் நின்றால் எப்படி நிற்பானோ அப்படி நின்று பழகியதாகப் பிற்காலப் பேட்டிகளில் சொன்னார். லுண்ட் அணிந்த ஃபாரோ தீவுக் கம்பளிச் சட்டை உலகப் புகழ் பெற்றதைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அந்தச் சட்டைக்குள் இருந்தவர் பிணத்தைப் பார்க்கும்போது கழுத்தை எவ்வளவு குறைவாகத் திருப்புகிறார் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

2011இல் பிபிசி ஃபோர் அலைவரிசை இத்தொடரை உரைத்தலைப்புகளோடு ஒளிபரப்பியபோது பிரிட்டன் பார்வையாளர்கள் இது எங்கிருந்து முளைத்தது என்று வியந்தார்கள். முளைத்த இடம் நடிகர் பட்டியலிலேயே தெரிகிறது. மகளைப் பறிகொடுத்த தந்தை, ‘ஃபெஸ்டென்’ சமையல்காரரான அதே ஹென்ரிக்சன். தாயாக வந்த ஆன் எலியனோரா யோர்கன்சன், லோனே ஷெர்ஃபிக் 2000இல் எடுத்த இன்னொரு டோக்மே படத்தில் நடித்தவர். சந்தேகத்துக்கு உள்ளாகும் அரசியல்வாதி, மாட்ஸின் அண்ணன் லார்ஸ் மிக்கெல்சன். லுண்டின் சக அதிகாரியாக வந்த சோரன் மாலிங், மூன்றாண்டு கழித்து ‘போர்கன்’ என்ற அரசியல் தொடரில் செய்தி ஆசிரியரானார். 2012இல் சோமாலியக் கடற்கொள்ளையர் பிடித்த கப்பலைப் பற்றிய படத்தில் பேரம் பேசும் கப்பல் நிறுவனத் தலைவரானார். அந்தப் படத்தை எழுதி இயக்கிய தோபியாஸ் லிண்ட்ஹோல்ம், ‘போர்கன்’ எழுத்தாளர்களில் ஒருவர். கப்பலில் சிக்கிய சமையல்காரராக நடித்த பிலூ ஆஸ்பெக்கும் ‘போர்கன்’ நடிகரே. ஒரு தொடரின் எழுத்தறையிலும் படப்பிடிப்பிலும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டவர்கள், அதன் இடைவெளியில் போய் ஒரு படம் எடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

‘போர்கன்’ 2010 செப்டம்பரில் தொடங்கியபோது டென்மார்க்குக்குப் பெண் பிரதமர் வாய்த்ததில்லை. ஹெல தோர்னிங்-ஷ்மிட் பதவியேற்றது அதற்கு அடுத்த ஆண்டு. பிரதமராக நடித்த சீட்சே பாபெட் நுட்சன் பாரிஸில் நாடகம் கற்றவர். தொடர் முடிந்தபின் அந்தப் பிரெஞ்சு மொழி அவருக்குக் கைகொடுத்தது. 2016இல் சிறந்த துணை நடிகைக்கான சீசர் என்ற பிரெஞ்சுத் திரை விருதைப் பெற்றார்.

இந்த ஏற்பாட்டின் இன்னொரு பயன், விழுந்தவர்கள் எழ முடிந்தது. ‘ஃபெஸ்டென்’ தந்த புகழோடு ஆங்கிலத்தில் பெரிய செலவில் விண்டர்பெர்க் எடுத்த 2003ஆம் ஆண்டுப் படம் படுத்துவிட்டது. அதற்கு அடுத்ததும் அப்படியே. 2010இல் சிறிய படம் ஒன்றைச் சொந்த மொழியில் லிண்ட்ஹோல்மோடு சேர்ந்து எழுதித்தான் அவர் மீண்டார். மாட்ஸுக்குக் கான் விருது வாங்கித்தந்த 2012ஆம் ஆண்டுப் படமும், 2021இல் ஆஸ்கர் பெற்ற ‘துருக்’ படமும் அதே இருவர் எழுதியவை. ‘துருக்’ படப்பிடிப்பு தொடங்கிய சில நாட்களில் விண்டர்பெர்க் தம் மகளைக் கார் விபத்தில் இழந்தார். அந்தப் பெண் படித்த பள்ளியிலேயே வகுப்பறைக் காட்சிகள் எடுக்கப்பட்டன. ரெஃப்னின் வீழ்ச்சி வேறு மாதிரி. 2003ஆம் ஆண்டு ஆங்கிலப் படம் அவர் நிறுவனத்தையே திவாலாக்கியது. கடனை அடைக்க ‘புஷர்’ கதைக்கு இரண்டு தொடர்ச்சிகள் எடுத்தார். முதலாவதில் பழைய சில்லறைப் போக்கிரி மாட்ஸை நாயகனாக்கினார். பிரிட்டன் தொலைக்காட்சிக்காக மிஸ் மார்ப்பிள் என்ற கிழவி துப்பறியும் கதை ஒன்றையும் இயக்கினார். 2011இல் கானில் சிறந்த இயக்குநர் விருது வாங்கியவரின் பட்டியலில் கம்பளி நூல் பின்னும் கிழவியின் கதையும் இருப்பதை அவருடைய ரசிகர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

சூசன்னா பியரின் பாதையில் இப்படிப்பட்ட சரிவு இல்லை. 2011இல் ஆஸ்கர் பெற்ற படத்துக்குப் பின் அவர் பிரிட்டன் தொலைக்காட்சிக்கு ‘நைட் மானேஜர்’ தொடரின் ஆறு பகுதிகளையும் தாமே இயக்கி, 2016இல் எம்மி வாங்கினார். தொடர் முழுவதையும் ஒரே இயக்குநர் ஒரே நீண்ட படம்போல் எடுப்பது ஆங்கில உலகில் அப்போது அரிது. அதை அவர் தயங்காமல் செய்ததற்கு அவர் வந்த இடமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் பொதுப்பணம் இருக்கிறது. டென்மார்க் திரைப்பட நிறுவனத்தின் ஆலோசகர்கள் தம் சொந்த ரசனையின்படி படத்தைத் தேர்ந்து மானியம் தருகிறார்கள். ஒரு பகுதி சிறுவர் படங்களுக்கென்று சட்டப்படியே ஒதுக்கப்படுகிறது. டிஆரோ முன்பு மக்கள் கட்டிய உரிமக் கட்டணத்தால் நடந்தது, 2022 முதல் வரிப்பணத்தால் நடக்கிறது. 2018இல் அரசு டிஆரின் நிதியில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்க முடிவெடுத்ததும், 2022இன் தொடக்கத்தில் உரிமைத்தொகைத் தகராறில் நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் டென்மார்க் தொடர்களுக்கான வேலையை மாதக்கணக்கில் நிறுத்தியதும், இந்த வீட்டின் தூண்கள் எவை என்பதை எல்லோருக்கும் காட்டின. நெட்ஃபிளிக்ஸ் போன்ற இணையவழி ஓடைத்தளங்கள் பணம் கொண்டுவந்தன. ஆனால் மறுஒளிபரப்புக்கு நடிகருக்கும் எழுத்தாளருக்கும் வந்துகொண்டிருந்த தொகையை எப்படிக் கணக்கிடுவது என்ற கேள்வியையும் கூடவே கொண்டுவந்தன.

அதே 2022இல் வெனிஸ் விழாவில் ‘ரீகெட்’ தொடரின் மூன்றாம் பாகம் திரையிடப்பட்டது. இரண்டாம் பாகம் 1997இல் கேள்விகளோடு நின்றுபோயிருந்தது. சுவீடன் மருத்துவராக நடித்த யேரகோர் 1998இலும், பேயோடு பேசும் மூதாட்டியாக நடித்த கிர்ஸ்டன் ரோல்ஃபஸ் 2000இலும் இறந்துவிட்டார்கள். இருபத்தைந்து ஆண்டு கழித்து ட்ரியர் புதிய பாகத்தை ஒரு வீட்டின் வரவேற்பறையில் தொடங்குகிறார். வயதான பெண் ஒருத்தி தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்து பழைய ‘ரீகெட்’டின் கடைசிப் பகுதியைப் பார்த்து முடிக்கிறாள்; இதெல்லாம் ஒரு முடிவா என்று எரிச்சலோடு முணுமுணுத்துவிட்டுப் படுக்கப் போகிறாள். அந்தப் பெண்ணாக நடித்தவர் போடில் யோர்கன்சன். 1998இல் ட்ரியரின் டோக்மே படத்தில் அவர்தான் நாயகி. இரண்டிலும் பாத்திரத்தின் பெயர் காரன்.